பிரிகிடா மண்டியிட மாட்டாள்

அத்தியாயம் 17

போன வாரம் சுல்மாவைக் கம்ப்யூட்டர் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அது சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை. நடுவில் அவள் தூங்கினாள், குளித்தாள், பூனைக்குப் பால் வைத்தாள். ஆனால் மனசு அந்தத் திரையை விட்டு நகரவே இல்லை.

திரையில் அக்கா நிதியா எழுதிய வரிகள் அப்படியே இருந்தன.

'பிரிகிடா ஈரப் பலகையில் மண்டியிட்டாள். அவள் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. "தப்பெல்லாம் என் மேல்தான், காசில்டா. என்னை மன்னித்துவிடு" என்று அழுதாள்.'

இதில் என்ன பெரிய குற்றம் என்று புதிதாக வந்து சேர்ந்தவர்கள் கேட்கலாம். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பழையவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'மூடுபனித் துறை' என்று இணையத்தில் ஒரு தளம். சிலி நாட்டில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவர், மெக்சிகோவில் ஒரு பல் டாக்டர், இங்கே உருகுவேயில் பைசாண்டு ஊரில் நம் அக்காவும் தங்கையும் என்று முப்பது பேர். எல்லாரும் சேர்ந்து இல்லாத ஒரு துறைமுகத்தை ஒன்பது வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு வேஷம். மேடை கிடையாது, அரிதாரம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ஒருவர் தன் பாத்திரம் என்ன செய்தது, என்ன பேசியது என்று எழுதிப் போடுவார். எதிராளி தன் பாத்திரத்துக்காகப் பதில் எழுதுவார். இப்படியே முறை மாற்றி மாற்றிக் கதை வளரும்.

இந்தக் கூட்டத்தில் நல்ல ஆட்டக்காரர் என்று பேர் வாங்க, அழகாக எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எதிராளிக்கு இடம் விட்டு எழுதத் தெரிய வேண்டும். 'கத்தியை வீசினேன்' என்று எழுதலாம். 'அவன் செத்து விழுந்தான்' என்று எழுதக் கூடாது. விழுவதா விலகுவதா என்பது அவன் பாடு. எந்நேரமும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறவனோடு யாரும் ஆட மாட்டார்கள். வீட்டுச் சண்டையைக் கதைக்குள் கொண்டுவருகிறவனைக் கண்டால் காத தூரம் ஓடுவார்கள். அடுத்தவர் பாத்திரத்தின் கையையோ காலையோ வாயையோ தொட்டுவிட்டாலோ, அது மகா பாவம். தொடப்பட்டவர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மறுக்கலாம். மறுக்காவிட்டால் அது நடந்ததாகவே ஆகிவிடும். அப்புறம் கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

இந்த விதியை எழுதியது யார் தெரியுமா? சாட்சாத் நிதியாவேதான்.

பிரிகிடா என்பது சுல்மாவின் வேஷம். கள்ளச் சரக்குப் படகோட்டி, ஒருவருக்கும் தலை வணங்காதவள். காசில்டா என்பது நிதியாவின் வேஷம். துறைமுகத்தின் சுங்க அதிகாரி. ஒன்பது வருஷமாக இருவரும் மோதிக்கொள்வார்கள், சமயத்தில் ஒருவர் உயிரை ஒருவர் காப்பாற்றுவார்கள்.

நிஜ வாழ்க்கையிலோ அக்காவும் தங்கையும் பேசி இருபத்தாறு மாதம் ஆகிறது. நாலு தெரு தள்ளித்தான் வீடு. கடையில் எதிரெதிரே வந்தால் இவள் தக்காளியைப் பார்ப்பாள், அவள் வெங்காயத்தைப் பார்ப்பாள். ஆனாலும் தளத்தில் வாரம் தவறாமல் பதிவும் பதில் பதிவும் போய்க்கொண்டிருந்தன. சொந்தச் சண்டையின் வாடை ஒரு வரியில்கூட வீசியதில்லை. நேற்று வரைக்கும்.

சண்டை எதற்கு? அப்பாவின் அடக்கத்துக்குச் சுல்மா போகவில்லை.

நாலு மாதம் ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் தூங்கியவள் அவள்தான். அவர் போன பிறகு ராத்திரி முழுக்க உடலோடு உட்கார்ந்திருந்தவளும் அவள்தான். காலை ஏழு மணிக்கு, முகம் கழுவி வருகிறேன் என்று வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள். கண் விழித்தபோது மணி இரண்டு. பதினொரு மணிக்கே அப்பாவைப் புதைத்தாகிவிட்டது.

அடக்கத்துக்கு வராத மகள் என்று அன்றைக்கு ஒட்டிய பேர் இன்னும் உரியவில்லை. தூங்கிப்போனேன் என்று அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. 'ஒரு வார்த்தை மன்னிப்புக் கேள்' என்று குடும்பமே சொன்னது. தூங்கினதுக்கு எவனாவது மன்னிப்புக் கேட்பானா என்று அவள் மறுத்துவிட்டாள். அன்றிலிருந்து இன்று வரை மறுத்துக்கொண்டே இருக்கிறாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் பைசாண்டுவில் மாவு பொரிக்காத வீடு கிடையாது. தெரு முழுக்க எண்ணெய் வாசனை. சுல்மா மட்டும் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான் அண்ணன் ஹெபர். கக்கத்தில் ஃபிளாஸ்க், ஒரு கையில் மாத்தே என்கிற இலைத் தேநீர் குடிக்கிற சுரைக் குடுக்கை, இன்னொரு கையில் நனைந்துபோன பேக்கரிப் பொட்டலம். கறிக்கடைக்காரன். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் இருபத்தாறு மாதமாகத் தபால்காரன் வேலையும் பார்க்கிறான்.

"சபாஷ்! கடைசில என் தங்கச்சிக்குப் புத்தி வந்துடுச்சு!"

"என்ன வந்துச்சு?"

"மன்னிப்புக் கேட்டுட்டியாமே! அதுவும் எழுத்துலயே! அக்கா சொன்னா. இன்னிக்கு அஞ்சு மணிக்கு அத்தை ஃபோன் பண்ணும்ல, அப்பச் சொல்லிடறேன்னா. செவ்வாய்க்கிழமை நீ தாராளமா வரலாம்."

சுல்மாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கியது.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அப்பாவின் குழியைத் திறக்கிறார்கள். கல்லறை விதிப்படி மண்ணில் வைக்கும் கெடு முடிந்துவிட்டது. எலும்புகளை எடுத்துச் சின்னப் பெட்டியில் வைத்துக் கல்லறைச் சுவரில் இருக்கும் குடும்ப மாடத்துக்கு மாற்றுவார்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டும். மாடம் அப்பாவின் அக்கா தெல்மா அத்தை பேரில் இருக்கிறது. எண்பத்தொரு வயது, ஆனாலும் அத்தை இருமினால் குடும்பமே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடும். 'அந்தப் பொண்ணு வாயைத் திறந்து மன்னிப்புக் கேக்காம என் மாடத்துப் பக்கம் கால் வைக்கக் கூடாது' என்று அத்தை சொல்லியாகிவிட்டது.

நேற்றைய பதிவு இன்று ஐந்து மணிக்கு உறுதியாகிவிடும். அதே ஐந்து மணிக்கு அத்தையின் ஃபோன். அக்கா கணக்காகத்தான் வேலை செய்திருக்கிறாள்.

"அண்ணே, நான் யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கல."

"எழுதியிருக்கேன்னாளே."

"எழுதினது அவ. என் பாத்திரத்து வாயில அவளா எழுதிட்டா."

ஹெபர் மாத்தேயை உறிஞ்சினான். யோசித்தான். "சரி, யார் எழுதினா என்ன? மண்டி போட்டது அந்தப் படகுக்காரி. உனக்கு முட்டி வலிச்சுதா? இல்லைல்ல? விட்டுத் தொலையேன். கம்ப்யூட்டர்ல நாலு வார்த்தை. காரியம் முடிஞ்சுடும்."

"அப்படியா? சரி, இதைக் கேளு." சுல்மா தொண்டையைச் செருமிக்கொண்டாள். "'ஹெபர் எழுந்து நின்றான். நான் ஒரு களவாணி, இருபது வருஷமாகத் தராசில் கட்டைவிரலை வைத்து அமுக்கித்தான் கறி விற்கிறேன் என்று ஊரைக் கூட்டிச் சொன்னான்.'"

"ஏய்! நான் எப்படி அப்படிச் சொன்னேன்?"

"இப்பத்தான் சொன்னே."

"நீ சொன்னே!"

"உன் வாயாலதான் சொன்னே. அஞ்சு மணிக்குள்ள மறுக்கலேன்னா ஊருக்கெல்லாம் இதுதான் நிஜம். நாலு வார்த்தைதானே அண்ணே, விட்டுத் தொலையேன்."

"தராசுல நான் கை வெச்சதே இல்ல, தெரியுமா உனக்கு? அப்பா மேல சத்தியம்!" ஹெபரின் காது சிவந்துவிட்டது. குடுக்கையைக் கீழே வைத்துவிட்டான்.

"தெரியும். அதனாலதான் உனக்கு இவ்வளவு கோபம் வருது. எனக்கும் வருது."

 தங்கை சொன்னது ஹெபருக்குப் புரிந்துவிட்டது, ஆனால் புரிந்ததாகக் காட்டிக்கொண்டால் தபால்காரன் வேலை என்னாவது? பொட்டலத்தைப் பிரித்து அவளிடம் ஒரு பன்னை நீட்டினான். சமாதானமாகப் பேசிப் பார்த்தான்.

"அக்கா ஒண்ணும் கெட்ட எண்ணத்துல பண்ணியிருக்க மாட்டா. அவளுக்கு உன்மேல பாசம்தான். அன்னிக்கே பாரு, உன்னைக் கூப்பிட வந்தவ அவதானே."

பன் சுல்மாவின் கையில் அப்படியே நின்றது.

"என்னிக்கு?"

"அடக்கத்தன்னிக்குத்தான். கல்லறை ஆபீஸ்ல அப்பாவோட அடையாள அட்டை வேணும்னாங்க. உன் வீட்டு அடுக்களை டிராயர்ல இருக்கு, உன்னையும் கூட்டிட்டு வரேன்னு அக்காதான் கார் எடுத்துட்டு வந்தா. சாவி அவகிட்டயும் ஒண்ணு இருந்துச்சுல்ல. ஒம்பதரை இருக்கும். இங்க வந்துட்டுக் கல்லறைக்குத் திரும்பி வந்து, 'அவ வரமாட்டேங்கிறா'ன்னு சொன்னா. ஏன், உனக்கு ஞாபகம் இல்லையா?"

வாசற்கதவுக்கும் அடுக்களைக்கும் நடுவில்தான் சோபா இருக்கிறது. காலை இடித்துக்கொள்ளாமல் யாரும் தாண்டிப் போக முடியாது.

ஆகவே அக்கா வந்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள். டிராயரைத் திறந்து அட்டையை எடுத்துக்கொண்டு, திரும்பவும் அதே சோபாவைத் தாண்டிப் போயிருக்கிறாள். தோளில் ஒரு தட்டுத் தட்டவில்லை.

"அண்ணே, நீ கிளம்பு" என்றாள் சுல்மா.

"மழை கொட்டுது..."

"கிளம்புன்னேன்!"

ஹெபர் ஃபிளாஸ்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான். இருபத்தாறு மாதமாகப் பத்திரமாக மூடியிருந்த பானையைத் தானே கையால் உடைத்துவிட்டோம் என்பதே அந்த அப்பாவிக்குத் தெரியாது.

சுல்மா நடந்தாள். அடுக்களைக்கும் வாசலுக்கும் எத்தனை தடவை நடந்தாள் என்று பூனைக்குத்தான் தெரியும். அவளுக்கு வந்த கோபத்தைக் கோபம் என்று சொல்வதே குறைவு. இரண்டு வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்காமல் போனோமே, அப்பாவை விட்டுவிட்டோமே என்று பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதுகூட மனசுக்குள் அரற்றிக்கொண்டிருந்தாள். அது எல்லாம் எழுப்பாமல் போனவளின் வேலை!

மத்தியானம் இரண்டு மணிக்குத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள்.

'காசில்டா வெட்கத்தால் தலை குனிந்தாள். "அன்று காலை நீ தூங்கிக்கொண்டிருந்தாய், பிரிகிடா. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திருடியைப் போலக் கதவைச் சாத்திக்கொண்டு போனேன். நீ வர மறுத்தாய் என்று ஊரிடம் பொய் சொன்னேன்" என்று கதறினாள்.'

படித்துப் பார்த்தாள். ஆகா, என்ன சுகம்! தேன் குடித்த மாதிரி இருந்தது. முப்பது பேரும் படிக்கட்டும். மெக்சிகோ வரைக்கும் நாறட்டும்.

இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. காசில்டாவின் தலையைக் குனிய வைத்தது யார்? காசில்டாவின் வாயைத் திறந்தது யார்? அக்கா செய்த அதே வேலையை அட்சரம் பிசகாமல் அவளும் செய்துவைத்திருந்தாள். அக்கா இதைப் படித்தால் உண்மைக்குப் பதில் சொல்ல மாட்டாள். விதியைக் காட்டி மறுப்பாள். மறுப்பதற்கு உரிமையும் இருக்கும்.

சுல்மா எல்லாவற்றையும் அழித்தாள். மனசே இல்லாமல்தான் அழித்தாள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்தது. நிதியாவோடு சேர்ந்து தளத்தை நிர்வகிக்கிறவர், அந்த லாரி ஆபீஸ் சிலிக்காரர். அங்கே அவருக்குப் பேர் 'கறுப்பு வாத்து'. குரலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

"கேப்டன், நேத்துப் பதிவைப் பார்த்தேன். காப்பி மூக்குல ஏறிடுச்சு. ரெண்டு வருஷமா நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் புதுசா வர்றவங்ககிட்ட உங்க பதிவைத்தான் காட்டுவேன். 'பாருங்கடா, எலியும் பூனையுமா இருந்துக்கிட்டே எப்படி எழுதறாங்க பாருங்க'ம்பேன். இப்பச் சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்தப் பதிவை நானே தூக்கிடறேன். உங்களுக்கும் சங்கடம் வேண்டாம், அந்தம்மாவுக்கும் சங்கடம் வேண்டாம். சத்தமில்லாம முடிச்சுடலாம்."

சத்தமில்லாமல்! அந்த வார்த்தைதான் சுல்மாவுக்குப் பிடிக்கவில்லை. பதில் பேசி அனுப்பினாள்.

"வேண்டாம் வாத்து அண்ணே. நீங்க தூக்கினா அது உங்க முறை ஆயிடும். எனக்காக அக்கா பேசினா, அத்தை பேசறாங்க, அண்ணன் தூது வர்றான், இப்ப நீங்களுமா? என் வாய் நல்லாத்தான் இருக்கு. நானே பேசிக்கிறேன்."

"உத்தரவு கேப்டன்" என்று வாத்து அடங்கியது.

மூன்றே முக்காலுக்குத் தளத்தின் 'மறுப்பு' பகுதியில், முப்பது பேரும் பார்க்கிற இடத்தில், தன் சொந்தப் பெயரில் எழுதினாள்.

'நேற்றைய காட்சியில் பிரிகிடா மண்டியிட்டதாகவும் மன்னிப்புக் கேட்டதாகவும் எழுதப்பட்டிருக்கிறது. பிரிகிடாவை எழுதுபவள் நான். நான் அப்படி எழுதவில்லை. அவள் மண்டியிடவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை. எழுதியவர் எனக்கு வேண்டியவர், இந்தத் தளத்தை உண்டாக்கியவர் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். யாராக இருந்தாலும் சரி. என் பாத்திரத்தை நான்தான் ஆட்டுவேன். மறுக்கிறேன். சுல்மா பெந்தன்கோர்.'

அதோடு விடவில்லை. மறுத்தவர் தன் முறையைத் தானே எழுதிக் காட்ட வேண்டும். நேற்று விட்ட இடம் இதுதான்: சுங்கப் படகு பிடித்துவிட்டது, பிரிகிடா தன் படகுக் கயிற்றைக் காசில்டாவிடம் நீட்டுகிறாள். அங்கிருந்து தொடர்ந்தாள்.

'பிரிகிடா நின்றுகொண்டேதான் இருந்தாள். நீட்டிய கயிறு கனத்தது. கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். "காசில்டா, வாங்கிக்கொள்வதானால் வாங்கிக்கொள். இல்லையென்றால் இல்லை என்று சொல். எதுவானாலும் என் முகத்தைப் பார்த்துச் சொல்" என்றாள்.'

அவ்வளவுதான். அழகு வார்த்தை ஒன்றும் இல்லை, அழுகை இல்லை, மழைக்கு உவமை இல்லை. எதிராளி பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது, அது போதும்.

மனசு ஆறவில்லை. துறைமுகத்து வேலையைத் துறைமுகத்தில் முடித்தாயிற்று. வீட்டு வேலை வீட்டில்தானே முடிய வேண்டும்? நாலரை மணிக்கு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, இருபத்தாறு மாதமாக நடக்காத நாலு தெருவை நடந்தாள்.

நிதியாவின் அடுக்களைக் கதவு திறந்தே இருந்தது. அவள் மாவைத் தட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொரு வயது, பள்ளிக்கூட ஆபீஸில் முப்பது வருஷ வேலை, எப்போதும் இஸ்திரி போட்ட மாதிரி நிற்பவள். மேஜைமேல் கம்ப்யூட்டர் திறந்திருந்தது. மறுப்பைப் படித்துவிட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"முப்பது பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டே" என்றாள் நிதியா. இருபத்தாறு மாதத்துக்குப் பிறகு அக்கா தங்கையிடம் பேசிய முதல் வார்த்தை இது.

"அதை அப்புறம் பேசலாம். நான் துறைமுகத்தைப் பத்திப் பேச வரலை. அடக்கத்தன்னிக்கு ஒம்பதரை மணிக்கு நீ என் வீட்டுக்கு வந்தியா?"

நிதியாவின் கையிலிருந்த மாவு அந்தரத்தில் நின்றது. "ஹெபர் சொன்னானா?"

"வந்தியா?"

"வந்தேன்."

"நான் தூங்கிட்டிருந்தேன்."

"வாயைத் திறந்துக்கிட்டு. ஒரு கால் கீழ தொங்கிட்டிருந்துச்சு." நிதியா மாவைத் தட்டில் வைத்தாள். "பத்து நிமிஷம் நின்னேன். எழுப்பணும்னுதான் நின்னேன். நாலு நாளாத் தூங்காதவ, இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்கட்டுமேன்னு..."

"பொய் சொல்லாதே அக்கா."

"பாதி நிஜம்."

"மீதிப் பாதியைச் சொல்லு."

எண்ணெய் புகைந்தது. நிதியா அடுப்பைக் குறைக்கவில்லை. அவள் குரல் கீழே இறங்கிவிட்டது.

"நாலு மாசம் அவர் உன் பேரை மட்டும்தான் கூப்பிட்டார். நான் தினமும் வேலை முடிஞ்சு வருவேன். 'சுல்மா எங்க?'ம்பார். தண்ணி குடுத்தா, 'சுல்மா குடுக்கட்டும்'பார். நான் மூத்தவ, சுல்மா. எனக்கும் அவர் அப்பாதானே? நீ அப்படித் தூங்கறதைப் பார்த்ததும், இன்னிக்கு ஒரு நாளாவது நான் மட்டும் மகளா நிக்கலாமேன்னு தோணிடுச்சு. அப்படித்தான் தோணிச்சு. கதவைச் சாத்திட்டு வந்துட்டேன். அங்க எல்லாரும் எங்கே எங்கேன்னு கேட்டாங்க. 'அவ வரமாட்டேங்கிறா'ன்னு வாயில வந்துடுச்சு. அதுக்கப்புறம் அதை எப்படித் திருப்பி எடுக்கறதுன்னே தெரியல."

 சுல்மாவுக்கு அக்காவை ஓங்கி அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அதுக்காக நேத்து என்னை மண்டி போட வெச்சே."

"நீ மன்னிப்புக் கேட்டுட்டதா ஆயிட்டா எல்லாம் முடிஞ்சுடும்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை நீயும் வந்துடலாம். யாருக்கும் ஒண்ணும் தெரிய வேண்டாம். நல்லதுக்குத்தான்..."

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால 'அவ வரமாட்டேங்கிறா'. இப்ப 'அவ மன்னிப்புக் கேட்டுட்டா'. ரெண்டும் நான் பேசலை. ரெண்டும் நீ எனக்காக எழுதின வசனம்." சுல்மா ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆட்டத்துல விதி போட்டது நீ. அடுத்தவ வாயைத் தொடாதேன்னு ஒம்பது வருஷமா ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தது நீ. வீட்டுல மட்டும் எல்லார் பாத்திரத்தையும் நீயேதான் ஆடுவியா? செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு நான் அங்க இருப்பேன். மாடம் அத்தை பேர்ல இருக்கட்டும், அரசாங்கம் பேர்ல இருக்கட்டும். என் அப்பாவைத் திறக்கிறப்போ நான் நிப்பேன். குனிஞ்சுக்கிட்டு நிக்க மாட்டேன்."

"அத்தை விட மாட்டாங்க."

"அது நீ அத்தைகிட்ட என்ன சொல்றேங்கிறதைப் பொறுத்தது."

சரியாக ஐந்து மணிக்கு மேஜைமேல் இருந்த ஃபோன் அடித்தது. அத்தைக்குக் காது மந்தம், கடிகாரம் மட்டும் துல்லியம். கையெல்லாம் மாவாக இருந்ததால் நிதியா சுட்டுவிரல் நுனியால் ஒலிபெருக்கியை அழுத்தினாள். தெல்மா அத்தையின் குரல் அடுக்களையை நிறைத்தது.

"நிதியா! மழை எப்படி? இங்க கூரை ஒழுகுது. அது கிடக்கட்டும். ஹெபர் காலையிலயே சொன்னான், அந்தச் சின்னவ எழுத்துலயே மன்னிப்புக் கேட்டுட்டாளாமே? நல்ல சேதிடி. எனக்கு நிம்மதியாச்சு. நிஜந்தானே?"

நிதியா தங்கையைப் பார்த்தாள். அந்தப் பார்வை சுல்மாவுக்குப் பழக்கமானது. ஆட்டத்தில் அக்காவுக்கு வார்த்தை வராமல் நின்றுவிட்டால், 'இப்படி எழுதிப் பாரேன்' என்று தனியாக ஒரு வரி அனுப்புவது சுல்மாவின் வழக்கம். இப்போதும் வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"அடியே, இருக்கியா? நிஜந்தானேன்னு கேட்டேன்!"

"அத்தை..." நிதியா அடுப்பை அணைத்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "நிஜமில்ல அத்தை. அவ மன்னிப்புக் கேக்கல."

"கேக்கலையா? என்ன திமிர்! அப்போ செவ்வாய்க்கிழமை..."

"கேக்க வேண்டியவ அவ இல்ல அத்தை."

கூரை ஒழுகும் சத்தத்தையும் மீறி அத்தையின் குரல் உயர்ந்தது.

"என்னடி உளர்றே? அவ இல்லேன்னா வேற யாரு?"

நிதியா ஃபோனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். சுல்மா ஈர மழைக்கோட்டோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். இதை முழுசாகக் கேட்காமல் எழுந்து போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை.